நீலக் கரைக் கோப்பைகள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை என் மனைவி சத்தியபாமா, நீலக் கரை போட்ட பன்னிரண்டு கோப்பைகளையும் இறக்கித் துடைத்தாள்.

"ரெண்டு பேர்தானே வருகினம். ஏன் பன்னிரண்டும்?" என்றேன்.

"தூசி ஆள் எண்ணிப் படியிறேல்லை."

வந்தவர்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் சபாரத்தினமும் அவர் மனைவி அருள்ராணியும். ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில் எங்களுக்கு மேல்மாடியில் ஒன்பது வருடமாக இருப்பவர்கள். சத்தியபாமா தேநீரை ஊற்றி அவர்கள் முன் வைத்தாள்.

"ஐயோ தங்கச்சி, இப்பதான் குடிச்சிட்டு இறங்கினனாங்கள்" என்றார் சபாரத்தினம்.

ஊரில் அவர்களுடைய கிணற்றில் எங்களுடைய ஆட்கள் தண்ணீர் அள்ள முடியாது. ஒஸ்லோவில் அதை யாரும் வாயால் சொல்வதில்லை. "ஊரிலை எந்தப் பக்கம்?" என்று ஒருமுறை கேட்பார்கள், அது போதும். இரண்டாயிரத்து ஏழில் சத்தியபாமா நகரின் பகுதிச் சபைத் தேர்தலுக்கு நின்றபோது தமிழர் வீடு வீடாகப் போனோம். சிரித்தார்கள், கதிரை தந்தார்கள். தங்கள் கோப்பையில் தேநீர் தந்தவர் இல்லை. திறக்காத சோடாத் தகரப் பேணி, இல்லாவிட்டால் கடதாசிக் குவளை. வாக்கை மட்டும் தந்தார்கள். அந்தச் சபையில் இருந்த முதல் தமிழ்ப் பெண் அவள்.

"சபையிலை இதைச் சொல்லன்" என்று ஒருநாள் கேட்டேன்.

"சொன்னா, அகதியாய் வந்தும் திருந்தாத சனமெண்டு எல்லாரையும் சேர்த்துப் பேப்பரிலை போடுவாங்கள். சொல்லாட்டி..."

அமெரிக்கச் சட்டமன்றத்துக்குப் போன கறுப்பினப் பெண் ஒருவரின் வரலாற்றை நூலகத்திலிருந்து எடுத்து வந்திருந்தாள். அதை மூடிவைத்துவிட்டு, "இவவை மறிச்சது வேறை சனம். சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கலாம்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபாரத்தினம் மேசையில் ஒரு கடிதத்தை விரித்தார். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குச் சனிக்கிழமைகளில் பகுதி மண்டபம் வேண்டும். அவள் ஆதரித்துக் கையெழுத்திட வேண்டும்.

"நீங்கள் எங்கடை பிள்ளை. உங்களை விட்டா ஆரிட்டைப் போறது?"

"எங்கடை பிள்ளை போட்ட தேத்தண்ணி ஆறுது, அண்ணை."

"இவருக்குச் சீனி வருத்தமெல்லோ" என்றார் அருள்ராணி.

"சீனி போடேல்லை, அக்கா."

தேநீரில் ஆடை படிந்தது. சபாரத்தினம் ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தார். அவள் பேனாவைத் தொடாமல் இருந்தாள். பிறகு எடுத்தாள்.

"உங்களுக்காக இல்லை. நாப்பது பிள்ளையள் படிக்க இடமில்லாமல் நிக்குதுகள்."

அவர்கள் போனபின் இரண்டு கோப்பைத் தேநீரையும் கழுவுதொட்டியில் ஊற்றினாள்.

மறுநாள் சபைக் கூட்டத்துக்குப் போகும் வழியில், ரயில் நிலையப் படியில் அவளுடைய இதயம் நின்றது. ஐம்பத்தொரு வயது.

இறுதிச் சடங்கில் சபாரத்தினம், "எங்கள் இனத்தின் முதல் மகள்" என்று பேசி அழுதார். உண்மையாகவே அழுதார். பிறகு வீடு நிறையச் சனம். நான் கோப்பைகளை இறக்கப் போனேன். அருள்ராணி பெரிய பிளாஸ்க்கில் தேநீர் கொண்டுவந்திருந்தார். பையிலிருந்து கடதாசிக் குவளைக் கட்டொன்றையும் எடுத்தார்.

"விடுங்கோ அண்ணை, இந்த நேரத்திலை உங்களுக்கேன் கழுவுற வேலை?"

சனிக்கிழமைகளில் அந்த மண்டபத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கிறது. அலுமாரியில் நாலு கோப்பைகளின் நீலக் கரை தேய்ந்திருக்கிறது. இரண்டு எங்களுடையவை, இரண்டு, அவளுடைய கட்சி நோர்வேஜியர்கள் வந்தால் எடுப்பவை. மற்ற எட்டும் இன்னும் புதிதாகவே இருக்கின்றன.