எட்டுப் பேர் சவாரி

மாட்டுக் கொட்டகைக்கு வெள்ளையடித்து, கட்டில் போட்டு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை மாட்டி, குடில் என்று பெயர் வைத்துவிட்டால் போதும். நகரத்துக் குடும்பங்கள் நாலு மாதத்துக்கு முன்பே இடம் பிடித்து வைக்கின்றன. மாடு கட்டியிருந்த காலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்கள்தான். அப்படிக் குடில் நாலு. அதுபோக மேட்டு நிலத்தில் மூன்று பெரிய கூடாரங்கள். உள்ளே பலகைத் தரை, இரட்டைக் கட்டில், குளிருக்கு இரும்பு அடுப்பு. இதற்கு கிளாம்பிங் என்று பெயராம். கூடாரத்துக்குள் கட்டிலைப் போட்டதற்கு ஒரு பெயர் வேறயா என்று பண்ணையம்மா முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிக்க நேரமில்லாமல் போய்விட்டது.

பண்ணையம்மா என்பது வந்துபோகும் பிள்ளைகள் வைத்த பெயர். வயது ஐம்பத்தெட்டு. சனிக்கிழமை பத்து மணிக்குப் பழைய குடும்பங்கள் கிளம்பும், மூன்று மணிக்குப் புதியவர்கள் வந்து நிற்பார்கள். நடுவில் கிடைக்கிற ஐந்து மணி நேரத்தில் ஏழு இடத்துக்கும் விரிப்பு மாற்ற வேண்டும். பிள்ளைகள் பரண் படியில் ஏறாமல் இருக்கப் போட்ட கதவு பூட்டுகிறதா, பிளக் ஓட்டைகளுக்கு மூடி இருக்கிறதா, குழந்தை நாற்காலியின் வாரில் யாருடைய சோறாவது காய்ந்து ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சோபாவுக்கு அடியில் கையை விட்டால் ஒற்றைச் செருப்பு வரும், கடித்த பிஸ்கட் வரும். ஒரு தடவை பால்பல் வந்தது.

ஆனால் குடும்பங்கள் வருவது கட்டிலுக்காக இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை டிராக்டர் சவாரிக்காகத்தான் வருகிறார்கள். வாசல் பலகையிலேயே எழுதியிருக்கிறது: 'ஒரு மணி நேரம் உங்கள் பிள்ளைகள் எங்கள் பொறுப்பு'. பெற்றவர்கள் காபியை வைத்துக்கொண்டு ஹாயாக உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகளைப் பின்வண்டியில் ஏற்றி, மேய்ச்சல் நிலம் வழியாக ஆட்டுப்பட்டி வரை கொண்டுபோய், குட்டிகளுக்குப் புட்டிப்பால் கொடுக்கவிட்டு, திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது அவள் கணவர். பிள்ளைகளுக்கு அவர் டிராக்டர் தாத்தா.

அந்த டிராக்டர் தாத்தாவுக்குக் கண் தெரியாது.

முழுக் குருடு இல்லை. ஓரம் தெரியும், நடு தெரியாது. ஒரு முகத்தை நேராகப் பார்த்தால் காது இருக்கும், முகம் இருக்காது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கண் டாக்டர், இதற்கு மேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கையை விரித்துவிட்டார். வீட்டுக்கு வந்தவர் மூன்று வாரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். சவரம் இல்லை, பேச்சு இல்லை. "என்னை எங்கயாவது ஓரமாப் போட்டுட்டு நீ உன் வேலையப் பாரு" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அந்த மனுஷன் அப்படியே அவிந்துபோய்விடுவார் என்று பண்ணையம்மா பயந்தாள். அதனால்தான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். செய்திருக்கக் கூடாது. ஆனால் செய்தாள்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை அவரைக் கையைப் பிடித்து டிராக்டரில் ஏற்றி, பின்னாலேயே தானும் ஏறி நின்றுகொண்டாள். இடது தோளில் தட்டினால் இடது பக்கம், வலது தோளில் தட்டினால் வலது பக்கம். முதுகில் உள்ளங்கையை வைத்தால் நிறுத்த வேண்டும். நாற்பது வருஷமாக அவர் உழுத நிலம், பாதி அவருக்கே தெரியும். மீதி அவள் தட்டுவாள். பார்க்கிறவர்களுக்கு, இந்த வயதிலும் புருஷன் பெண்டாட்டி என்ன ஒட்டுதல் என்று தோன்றும். யாரோ அதைப் படம்பிடித்து இணையத்தில்கூடப் போட்டிருந்தார்கள்.

பிள்ளைகளை எண்ணுவதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். அவருக்குத்தான் தலைகள் தெரியாதே. ஏறினதும் ஆளுக்கொரு எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். திரும்பும்போதும் சொல்ல வேண்டும். கடைசி எண் வந்தால்தான் வண்டி நகரும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. பெற்றவர்கள் 'எண்ணிக்கை விளையாட்டு அருமை' என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்கள். அவர் மறுபடி சவரம் செய்தார், சட்டைக்கு இஸ்திரி கேட்டார். வெள்ளிக்கிழமையே "இந்த வாரம் எத்தனை பேரு?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார். பண்ணையம்மா மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் பயந்துகொண்டே ஏறினாள், இறங்கினாள். இந்த வருஷத்தோடு நிறுத்திடலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தாள். சொல்ல வாய் வரவில்லை.

அந்த ஞாயிறு எட்டுப் பிள்ளைகள். அதில் இரண்டாவது குடிலில் தங்கியிருந்த அக்காவும் தங்கையும். அக்காவுக்கு எட்டு வயது, வாய் ஓயாது. தங்கைக்கு நாலு. வெளியாள் முன்னால் அவள் வாயைத் திறக்கவே மாட்டாள் என்று அவளுடைய அம்மா முதல் நாளே சொல்லியிருந்தாள்.

"ஒன்னு!" என்று முன்னாலிருந்த பையன் ஆரம்பித்தான். வரிசையாக வந்தது. "ஏழு!" என்று அக்கா கத்தினாள். சின்னவள் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எட்டு!" என்று அதையும் அக்காவே கத்தினாள்.

"ஆகா, சின்னம்மாவுக்கு வக்கீல் வச்சாச்சு!" என்று பண்ணையம்மா சிரித்தாள். பிள்ளைகளும் சிரித்தார்கள். டிராக்டர் கிளம்பியது.

ஆட்டுப்பட்டியில் பிள்ளைகள் புட்டியோடு இறங்கின நேரத்தில் அவள் போன் அடித்தது. மூன்றாவது கூடாரத்திலிருந்து ஒரு பெண். அடுப்பைப் பற்ற வைத்தாளாம், கூடாரம் முழுக்கப் புகையாம், கைக்குழந்தை இருமுகிறதாம். அழுதுகொண்டே பேசினாள்.

"என்னங்க, நான் போயே ஆகணும். நான் வர்ற வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க. கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. எனக்குக் காது நல்லாத்தானே இருக்கு. போ நீ."

மேட்டில் ஏறி மூச்சிரைக்க ஓடினாள். அடுப்புக் குழாயின் மூடியைத் திறக்காமலே பற்ற வைத்திருந்தார்கள். திறந்துவிட்டாள், குழந்தையை வெளியே தூக்கி வந்தாள், கூடாரத்தின் இரண்டு பக்கத் துணியையும் சுருட்டிக் கட்டினாள். கட்டும்போதே தூறல் விழுந்தது. பிள்ளைகள் நனையுமே என்று கீழே பார்த்தாள். டிராக்டர் வந்துகொண்டிருந்தது. தட்டுவதற்கு ஆளில்லாமல், வளைவில் வளைந்து, வாசல் தூண்களுக்கு நடுவில் இம்மி பிசகாமல் நுழைந்தது. சொல்லக் கூடாது, ஆனாலும் அந்த நிமிஷம் அவளுக்குப் பெருமையாக இருந்தது.

அவள் இறங்கி வருவதற்குள் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் குதித்தன. இரண்டாவது குடில் அம்மா துண்டோடு வந்தாள். பெரியவளின் தலையைத் துவட்டினாள்.

"தங்கச்சி எங்கடி?"

பெரியவள் திரும்பிப் பார்த்தாள். பின்வண்டி காலி.

"பின்னாடிதான் இருந்தா," என்றது குழந்தை. அதன் முகம் மாறியது. "நான் எட்டு சொன்னேனே."

பண்ணையம்மாவுக்குக் குட்டைதான் முதலில் ஞாபகம் வந்தது. ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் ஐம்பதடி தூரத்தில் இருந்தது. அதற்கு வேலி உண்டு, போன மாதம் ஆடு முட்டி ஒரு பலகை பெயர்ந்து கிடந்தது. அதை அடிக்க வேண்டும் என்று அவளும் அவரிடம் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். எத்தனை சொல்லிக்கொண்டேதான்களில் ஒரு குடும்பம் ஓடுகிறது பாருங்கள்!

ஓடினார்கள். எல்லோரும் சின்னவளின் பெயரைக் கத்தினார்கள். கத்தி என்ன பயன்? பதில் சொல்லாத பிள்ளை. அவளைப் பெற்றவள் ஓடிக்கொண்டே, "அவ குரல் குடுக்க மாட்டா, குரல் குடுக்க மாட்டா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

முதலில் பார்த்தது பண்ணையம்மாதான். குட்டையின் ஓரத்தில், மார்பளவுத் தண்ணீரில், கால் இரண்டும் சேற்றில் புதைந்து, சின்னவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் பால் புட்டி. வாய் முழுதாகத் திறந்திருந்தது. சத்தமே வரவில்லை. ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் போயிருக்கும். பண்ணையம்மா செருப்போடு இறங்கி, அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். இரண்டு இழுப்புக்குச் சேறு விடவில்லை. மூன்றாவதில் பூட்ஸ் இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டுப் பிள்ளை மட்டும் வந்தது. பெற்றவள் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டு ஈர மண்ணில் உட்கார்ந்தாள். அழவில்லை, திட்டவில்லை. குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று பண்ணையம்மாவுக்கு இருந்தது.

அப்பாக்காரர்தான் வாசலில் வந்து நின்று கேட்டார். "எண்ணாம எப்படிங்க கிளம்பினீங்க? எட்டுத் தலை. ஒரு தடவ திரும்பிப் பாத்திருந்தா போதுமே."

அவள் கணவர் டிராக்டர் பக்கத்தில் நின்றார். இஸ்திரி போட்ட சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. பண்ணையம்மா அவரைப் பார்த்தாள். இப்போது சொல்வார் என்று காத்திருந்தாள். சொல்லிவிடட்டும், எல்லாம் இன்றோடு போகட்டும் என்றுகூட நினைத்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை.

"நான் பாத்துக்கிட்டிருக்க வேண்டியது சார்," என்றாள் அவள். "நான்தான் பாதியில விட்டுட்டுப் போனேன். தப்பு என்னோடது. அவர் மேல ஒன்னுமில்ல."

"தப்பா? இதுக்குப் பேரு தப்பாம்மா?"

அரை மணி நேரத்தில் அவர்கள் கார் கிளம்பியது. மற்ற குடும்பங்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டியைக் கட்டின. யாரும் சண்டை போடவில்லை. பிள்ளைகளைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் நடந்தார்கள். இரண்டு மணிக்குப் பண்ணையில் ஆடும் கோழியும் அவர்கள் இரண்டு பேரும்தான்.

இரண்டாவது குடிலில் அவள் விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள். என்ன செய்வது, கை பழகின வேலையைத்தான் செய்கிறது. கதவு நிலையைத் தடவிக்கொண்டு அவர் உள்ளே வந்தார். கட்டில் எங்கே என்று காலால் தேடி உட்கார்ந்தார்.

"நீ ஏன் உன் தலையில போட்டுக்கிட்ட?"

"வேற என்ன பண்றது? உங்களுக்குக் கண்ணு தெரியலன்னு அந்த மனுஷன்கிட்ட சொல்லவா? அந்தப் பொண்ணு ரெண்டு எண்ணையும் சொல்லிச்சு, நீங்க நம்பிட்டீங்க. அவ்வளவுதானே நடந்தது. ஏறும்போது அது அப்படிச் சொன்னதை நானும்தான் கேட்டேன். கேட்டுட்டுச் சிரிச்சேன்."

அவர் கையால் மெத்தையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

"நான் நம்பல," என்றார்.

"என்ன?"

"ஏழும் எட்டும் ஒரே குரல். எனக்குத் தெரிஞ்சது. கண்ணு போனதுலருந்து காதுதானே எனக்கு. ஏறும்போதே தெரியும். திரும்பும்போதும் தெரிஞ்சது."

பண்ணையம்மா விரிப்பைப் பிடித்தபடி நின்றாள்.

"தெரிஞ்சா ஏன் எடுத்தீங்க?"

"சின்னது இருக்கான்னு எப்படிக் கேக்குறது? தாத்தா திரும்பிப் பாருங்கம்பாங்க. பாத்தா எனக்கு என்ன தெரியும்? உனக்குக் கண்ணு தெரியாதான்னு ஒரு பொடிசு கேட்டிருந்தா? மழையும் பிடிச்சுக்கிச்சு. இருக்கும், இருக்கும்னு நெனச்சுக்கிட்டே கியரப் போட்டேன். வழி பூரா நெனச்சுக்கிட்டே வந்தேன். வாசல் தூணுக்கு நடுவுல சரியா நுழைஞ்சேன் தெரியுமா, அப்பக்கூட அந்த நெனப்புதான்."

கத்த வேண்டும் போலிருந்தது அவளுக்கு. அந்த ஆளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. நாற்பது வருஷத்தில் ஒரு பொய் சொல்லாத மனுஷன். அவரைச் சொல்ல வைத்தது யார்? தோளைத் தட்டித் தட்டி, ஐந்து நட்சத்திரம் வாங்கிக் கொடுத்து, வாரா வாரம் ஏற்றிவிட்டது யார்? தண்ணீரில் திறந்திருந்த அந்த வாய் கண்ணுக்குள்ளேயே நின்றது. இனி எந்தக் காலத்திலும் போகாது என்று அவளுக்குத் தெரிந்தது.

விரிப்பைக் கீழே போட்டுவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"சாவியக் குடுங்க."

அவர் முகத்தைத் தூக்கி, அவள் இருக்கும் பக்கத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து டிராக்டர் சாவியை எடுத்து நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

"சரி. குடுத்துட்டேன்," என்றார். "நாளைக்குக் காலையில நான் எதுக்கு எழுந்திரிக்கணும்? அதையும் நீயே சொல்லிடு."

பண்ணையம்மா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கீழே கிடந்த விரிப்பை எடுத்தாள்.