ஐந்துக்கு ஐந்து

திருமூர்த்தியின் டீமில் இருந்த ஒன்பது பேரும் சர்வேயில் எல்லாக் கேள்விக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டார்கள். போட வைத்தவர் திருமூர்த்திதான்.

பிளானோவில் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதித் தருகிற ஆபீஸ் அது. வருஷா வருஷம் வசந்தகாலத்தில் எச்.ஆர். ஒரு சர்வே அனுப்பும். பேர் எழுத வேண்டாம், மனதில் பட்டதைச் சொல்லுங்கள் என்று மேலே போட்டிருக்கும். இங்கே வேலை செய்வதில் பெருமைப்படுகிறீர்களா, சலுகைகள் திருப்தியாக இருக்கின்றனவா, அடுத்த வருஷமும் இங்கேதான் இருப்பீர்களா என்று கேள்விகள் நீண்டுகொண்டே போகும். திருமூர்த்தி உடுமலைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். இன்ஸ்பெக்‌ஷனுக்கு முதல் நாள் ஹெட்மாஸ்டர் வந்து, கேள்வி கேட்டால் எல்லாரும் கை தூக்க வேண்டும், பதில் தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை என்று சொல்லிவிட்டுப் போவார். அந்தப் பள்ளிக்கூடம் ஒரு தடவைகூடக் கெட்ட பேர் வாங்கியதில்லை. சர்வே வந்ததும் அவர் யோசனையும் அந்த வழியில்தான் ஓடியது.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"பேரே கேக்கலீங்களேண்ணா, உள்ளத எழுதினா என்னவாம்?" என்றான் மதன். கோபிக்காரன். கம்பெனிக்கு வந்த நாளிலிருந்து திருமூர்த்தியிடம்தான் வேலை பார்க்கிறான்.

"எட்டுப் பேரு அஞ்சு போட்டு ஒருத்தன் மட்டும் ரெண்டு போட்டா, அது யாருன்னு கண்டுபுடிக்க சிபிஐயா வரணும்?"

ஹஸ்னைன் தன் போனைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "அண்ணே, பெட் இன்சூரன்ஸ் திருப்தியான்னு கேட்டிருக்கு. எங்கிட்ட நாயும் இல்ல, பூனையும் இல்ல."

"அதுக்கும் அஞ்சு போடு."

"போட்டுட்டேன். என் இல்லாத நாய் ரொம்ப சந்தோஷமா இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். மதன் மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு விசா ஆறு வருஷம்தான். அதில் கடைசி வருஷம் தொடங்குவதற்குள் கம்பெனி கிரீன் கார்டுக்கு முதல் மனுவைப் போட்டுவிட வேண்டும். போடாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அவன் கேட்டபோதெல்லாம் 'அடுத்த வருஷம்' என்ற ஒரே பதில்தான் வந்தது. இனி அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை. வேறு கம்பெனிக்குத் தாவவும் நேரமில்லை. புதிதாகச் சேர்ந்தவனுக்கு உடனே மனு போட எவன் வருவான்?

"சனி ஞாயிறுன்னு பாக்காம ரிலீஸ் பண்றோம். இதையும் ஒரு தடவ எழுதிப் போட்டுடலாம்னு பாத்தனுங்ண்ணா. நான் போயிருவேன்னு தெரிஞ்சாலாவது அசைவாங்கல்ல?"

"அசைவாங்க. ஆட்குறைப்பு வந்தா மொதல்ல உன்னத்தான் அசைப்பாங்க. அஞ்சு போடு. டைரக்டர் ஹெதர்கிட்ட உன் விஷயத்த நான் பேசிக்கறேன். என்மேல நம்பிக்கை இருக்குல்ல?"

"இருக்குங்ண்ணா." மதன் அங்கேயே, அவர் கண்ணெதிரில், ஒவ்வொன்றாக ஐந்து போட்டு முடித்தான்.

முடிவு வந்தபோது கம்பெனியிலேயே முதலிடம் அவர்களுக்கு. எச்.ஆர். ஆளுக்கொரு நீல டீஷர்ட் கொடுத்தது. ஒரு வெள்ளிக்கிழமை டைரக்டர் ஹெதர் திருமூர்த்தியைத் தன் அறைக்கு அழைத்தாள். நல்ல பெண். எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசமாட்டாள். அடுத்த மாதம் பக்கத்து ஊரான இர்விங்கில் எல்லா டீம் லீடுகளுக்கும் ஒரு கூட்டம், ஆட்களைச் சந்தோஷமாக வைத்துக்கொள்வது எப்படி என்று நீங்கள்தான் பேச வேண்டும், சீனியர் மேனேஜர் பதவிக்கு உங்கள் பேரைத்தான் அனுப்பியிருக்கிறேன் என்றாள். திருமூர்த்திக்குக் காது சூடேறியது. பன்னிரண்டு வருஷமாக அந்தப் பதவி கைக்கெட்டும் தூரத்தில் நின்று போக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

அந்தச் சூட்டோடு மதன் விஷயத்தை எடுத்தார்.

ஹெதர் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினாள். இந்த வருஷம் நம் பிரிவில் மூன்று பேருக்குத்தான் கிரீன் கார்டு போட அனுமதி என்றாள். யார் விட்டுப் போகக்கூடும் என்று பார்த்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம். திரையில் இன்னொரு லீடான யாமினியின் டீம் சிவப்பாகக் கிடந்தது. யாமினி தன் ஆட்களிடம் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்கள் ஒன்றும் இரண்டுமாகப் போட்டு, ஆத்திரத்தையெல்லாம் எழுதியும் வைத்திருந்தார்கள். மூன்று இடமும் அங்கேதான் போகிறது. திருமூர்த்தியின் டீம் நாற்றங்கால்போலப் பச்சையாக இருந்தது. போக நினைப்பவர் ஒருவர்கூட இல்லை.

"மதனுக்கு இது கடைசி வாய்ப்பு" என்றார் திருமூர்த்தி.

ஹெதர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "மதன் இங்கே சந்தோஷமாக இல்லையா? எனக்குத் தெரியாமல் ஏதாவது இருக்கிறதா? இந்த மார்க்குகள் சரியில்லை என்றால் சொல்லிவிடுங்கள். திங்கட்கிழமை மாலைதான் பேர்களை மேலே அனுப்புகிறேன். அதுவரை மாற்றலாம்."

மதனைக் காப்பாற்ற ஒரு வாக்கியம் போதும். அது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொன்னால் இர்விங்கில் என்ன பேசுவது, அந்தப் பதவி என்ன ஆகும் என்ற எண்ணமும் கூடவே வந்தது.

"இல்லை, மார்க்கெல்லாம் சரிதான். எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள்" என்றார்.

மறுநாள் மத்தியானம் மதன் அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். போகாமலிருந்தால் சந்தேகம் வருமென்று போனார். மதனின் மனைவி வெண்பா வெள்ளாட்டுக்கறியும் பச்சைப்புளி ரசமும் வைத்திருந்தாள். கிண்டர்கார்டன் படிக்கிற மகள் ஓவியா கதவைத் திறந்து, "அப்பா, யுவர் பாஸ் இஸ் ஹியர்" என்று கத்திவிட்டு உள்ளே ஓடினாள்.

இலை போட்டு உட்கார்ந்ததும், மூன்று இடமும் வேறு டீமுக்குப் போகிறது, இந்த வருஷம் கிடைக்கவில்லை என்பதைத் திருமூர்த்தி பக்குவமாகச் சொன்னார். மதன் பிசைந்த சோற்றை வாயில் வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்ண்ணா, என்ன கேட்டீங்க, அவங்க என்ன சொன்னாங்க? இருந்தது இருந்தபடி சொல்லுங்க" என்றாள் வெண்பா.

"மதன் போயிருவான், டீம்ல யாருக்கும் திருப்தி இல்ல, அந்த மார்க்கெல்லாம் நம்பாதீங்கன்னு நேராவே சொல்லிட்டேன் அம்மிணி."

"அதுக்கு?"

"கேட்டுக்கிட்டாங்க. கைய விரிச்சுட்டாங்க."

மதனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா வெண்பா? யாரு பேசுவா இப்படி? தன் பொழப்பப் பத்தி நெனைக்காம பேசியிருக்காரு." அவன் அவர் இலையில் இன்னும் இரண்டு துண்டு கறி வைத்தான். பிறகு திடீரென்று நிமிர்ந்தான். "அப்ப ஒண்ணு பண்றனுங்ண்ணா. திங்கக்கெழம காலைல நானே ஹெதர்கிட்டப் போறேன். நீங்க சொன்னதையே என் வாயாலயும் சொல்றேன். ரெண்டு பேரு சொன்னா ஒரு எடம் மாறாதுங்களா?"

மாறும். அது திருமூர்த்திக்குத் தெரியும். அவன் போனால், தான் சொன்னது பொய் என்று ஹெதருக்கும் தெரியும், மதனுக்கும் தெரியும். தண்ணீர் குடித்தார்.

"இப்பப் போயிக் கிளறாத மதன். என்னத் தாண்டிப் போனீன்னா, இங்க பிடிக்காதவன்னு உன்ன இப்பவே கழட்டி விட்ருவாங்க. அப்புறம் கெளம்பறதுக்குக் கெடைக்கிற டைமும் இருக்காது. எத்தன வருஷம் பாத்திருக்கேன் நான்."

மதன் அவரையே பார்த்தான். "நீங்க சொல்றதும் நெசந்தானுங்ண்ணா" என்று சோற்றைப் பிசைய ஆரம்பித்தான்.

வெண்பா ரசக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவள் மதனைப் பார்க்கவில்லை.

"அப்படியே ஊருக்கு எந்த மாசம் டிக்கெட் போடறதுன்னும் நீங்களே சொல்லிருங்ண்ணா. அதையும் நாங்களா ஒண்ணு யோசிச்சு, தப்பாப் போயிறப் போகுது."

"வெண்பா!" என்று அதட்டினான் மதன்.

திருமூர்த்தி ரசத்தை ஊற்றிக்கொண்டார். எதையும் ஒழுங்காக யோசித்தே பழகியவர்.

"மே கடைசில போடு அம்மிணி" என்றார். "ஓவியாவுக்கு ஸ்கூல் முடிஞ்சிருக்கும். அங்க சேக்கறதுக்கும் தோதா இருக்கும்."