தனிப் புட்டி

சோதனைத் தட்டில் தசைப் புற்றுநோய்ச் செல்களின் குழிகளும் மஞ்சளாகிவிட்டன.

போன மாதம்வரை அவை வெளுத்தே கிடந்தன. எலும்புப் புற்றுநோய்ச் செல்கள் மட்டும்தான் சைட்டோகைன் சுரந்தன. செல்கள் தங்களுக்குள் தூது அனுப்பும் புரதம் அது. அது இருந்தால் குழியில் மஞ்சள் ஏறும்.

ஆய்வுக்கூடத் தலைவிக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. “ரெண்டுமே சுரக்குதுன்னா கட்டுரைக்கு மவுசே வேற. நாலு மணிக்கு அனுப்பிடலாம்” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனார்.

தட்டைக் கையில் வைத்திருந்த ஆய்வு மாணவி அதை வெளிச்சத்தில் மறுபடி தூக்கிப் பார்த்தாள்.

ஒவ்வொரு வகைச் செல்லுக்கும் ஊட்டத் திரவம் தனிப் புட்டியிலிருந்துதான் ஊற்ற வேண்டும். போன மாதம் ஒரு நாள் தசைப் புட்டி தீர்ந்திருந்தது. புதிதாகக் கலக்கச் சோம்பல். எலும்புப் புட்டியிலிருந்தே ஊற்றிவிட்டாள். ஒரே ஒரு தடவைதான். அதில் எலும்புச் செல் ஒன்று தவறி விழுந்திருந்தால் போதும். வேகமாகப் பெருகும் ரகம். இருந்தவர்களை வெளியே தள்ளிவிட்டுக் குடியேறிவிடும்.

தசைக் குடுவையை நுண்ணோக்கியில் வைத்தாள். தசைச் செல்போல ஒல்லியாக நீண்டவை சிலதான். மற்றதெல்லாம் எலும்புச் செல்போல அகலம்.

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?” பக்கத்து மேசைக்காரி. வாய் ஓயாததால் எல்லோருக்கும் அவள் ‘ரேடியோ’.

“பாரு. இது தசையா?”

ரேடியோ குனிந்தாள்.

“வயசானா நமக்கும்தான் இடுப்பு அகலமாகுது.”

“விளையாடாதே. புட்டி மாத்தி ஊத்திட்டேன்.”

“அடிப்பாவி! போய் மேடம்கிட்ட சொல்லு. என் வாயில விழுந்தா ஊருக்கே தெரியும்.”

மணி மூன்றரை. தலைவியின் அறைக் கதவைத் தட்டி உள்ளே போய், நின்றபடியே சொன்னாள்.

மேடம் அந்தத் தேதியைக் கேட்டு, அவளுடைய குறிப்பேட்டைப் புரட்டினார்.

“தனிப் புட்டின்னுதானே எழுதியிருக்கே?”

ஆமாம் என்றால் போதும். மேடத்தின் இன்னொரு கை, கட்டுரையை அனுப்பத் தயாராக மவுஸின் மேல் இருந்தது.

“அது பொய் மேடம். கைப்பழக்கத்துல எழுதிட்டேன்.”

மவுஸிலிருந்து கை எடுபட்டது. மேடம் திட்டவில்லை. முதல் பக்கத்துக்குப் போய் ஒவ்வொன்றாகத் திருப்பினார். எல்லாப் பக்கத்திலும் அதே ‘தனிப் புட்டி’ வரி, எழுத்தில் அதே சாய்வு.

“அப்போ இதெல்லாம்?”

அவள் நினைத்துப் பார்த்தாள். எந்தப் புட்டியிலிருந்து ஊற்றினாள் என்று ஒரு நாள்கூடத் தெளிவாக ஞாபகம் வரவில்லை.