நீக்கினால் திரும்பி வரும் பெயர்

1988-ஆம் வருஷம், விவசாயி நஞ்சப்பனின் பெயரைச் சர்க்கரை ஆலைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய மறுநாள், அவர் காட்டில் கரும்பு முழங்கால் உயரம் நின்றது. நட்டவர் யாருமில்லை. பாலக்கோட்டில் அன்று தக்காளி விலை சரிந்திருந்ததால் சனம் அதைப் பற்றித்தான் பேசியது.

கம்ப்யூட்டர் அறையில் இருந்தவள் லூர்து மேரி. பெங்களூரில் பயிற்சி முடித்து வந்து, டிரிக்கர் என்கிற கட்டளைகளை மூன்று விதமாக எழுதி வைத்திருந்தாள். உறுப்பினர் பெயர் சேர்ந்தால் ஒன்று தானாக நடக்கும், விவரம் மாறினால் வேறொன்று, பெயரை நீக்கினால் இன்னொன்று. அவள் எழுதியதென்னவோ ஆலைக் கணக்கு நேராக இருக்கத்தான். காடு கழனியும் அதற்குக் கட்டுப்பட்டது. சென்னப்பனின் இரண்டு ஏக்கரைத் தப்பாக மூன்றென்று மாற்றியபோது எல்லைக்கல் பக்கத்துக் காட்டுக்குள் போய் உட்கார்ந்தது. திருத்தியதும் பழைய இடத்துக்கு வந்தது. செத்துப்போன மாதேஸ்வரனின் பெயரை நீக்கிய அன்று, அவர் மனைவி தீர்த்தம்மாளுக்கு அவர் குரல் மறந்துபோனது. கொடியில் கிடந்த துண்டு யாருடையதென்று பக்கத்து வீட்டில் கேட்டாள்.

மூன்று வருஷம் கரும்பு போடாதவர் பெயரை நீக்க வேண்டும் என்பது ஆலை விதி. அந்த வருஷம் அதில் லூர்து மேரியின் புருஷன் சவரிராயனும் மாட்டிக்கொண்டான். "வூட்டைச் சாத்திக்க மேரி, வந்துர்றேன்" என்று மூன்று வருஷத்துக்கு முன் பெங்களூர் பஸ் ஏறியவன். போனவன் போனவன்தான். அவளிடம் மிச்சமிருந்தது அந்தக் குரல் ஒன்றுதான். இப்போது அதற்கும் உலை வைத்தார்கள்.

மேலாளர் ராஜாமணி நல்ல மனுஷர். விதி எல்லாருக்கும் ஒன்றுதானே என்று சங்கடத்தோடு சொன்னார். எடுத்துவிடுகிறேன் என்றவள், நீக்கும் டிரிக்கரில் ஒரு வரி கூட்டினாள்: காத்திருக்க ஆள் உள்ள பெயரை நீக்கினால், உடனே திரும்பச் சேர். சேர்த்தால் முதல் டிரிக்கரும் வேலை செய்யுமே என்பது அந்தப் பதற்றத்தில் அவளுக்குத் தோன்றவில்லை.

பொத்தானைத் தட்டினாள். குரல் போனது. யாருக்காக அழுகிறோம் என்றே தெரியாமல் அழுதாள். கண்ணைத் துடைப்பதற்குள் குரல் திரும்பி வந்தது, முதன்முதலாகக் கேட்பது போல. மறுநாள், தரிசாய்க் கிடந்த சவரிராயன் காட்டில் கரும்பு நின்றது.

அது விளைந்து ஆலைக்குப் போனது. விதி அவனைத் தொடவில்லை. கரும்பு வந்ததே தவிர ஆள் வரவில்லை. ஆனாலும் ஒவ்வொரு தையிலும், யாரும் கேட்காமலே, லூர்து மேரி அந்தப் பெயரை நீக்குவாள். குரல் போய், புதிதாய்த் திரும்பி வரும்.

"மறுபடியுமாம்மா?" என்பார் ராஜாமணி.

"அவரு இப்பத்தானுங்க சார் பஸ் ஏறினாரு."

அவரும் சரியென்று கரும்பு வெட்டும் உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார். லூர்து மேரி புருஷன் பேச்சைத் தட்டாதவள். கதவை மட்டும் சாத்துவதில்லை.