ஜன்னலைத் திறக்க வேண்டாம்

குதிரைக்கறியின் கடைசி மூட்டையைத் துயாரா முன்னறையிலிருந்து முற்றத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். மீன்களும், வட்டு வட்டாய் உறைந்த பாலும் ஏற்கனவே வெளியே போய்விட்டன. கணப்பு எட்டாத அந்த முன்னறையில்தான் குளிர்காலம் முழுக்க வீட்டுச் சாப்பாடு கெடாமல் கிடக்கும். இப்போது அங்கே அப்பாவைக் கிடத்த வேண்டும்.

"இது சரியில்ல அண்ணி," என்றார் சித்தப்பா கவ்ரீல், கையுறையைக்கூடக் கழற்றாமல். "செத்தவன் மூணு நாள் வீட்டுக்குள்ள இருக்கணும். அடுப்பை அணைச்சிட்டு ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டா போதும்."

"எந்த ஜன்னலை?" அம்மா மாட்ரியோனா கேட்டாள்.

"ஏதோ ஒண்ணு."

"எல்லாத்துக்கும் பஞ்சு அடைச்சு, மாவுப் பசை காய்ச்சிக் காகிதம் ஒட்டினாரு. நாலு நாள் வேலை. என்னை ஒரு துண்டு ஒட்ட விடல. நான் கோணலா ஒட்டுவேனாம். அதைக் கிழிச்சா எழுந்து உக்காந்து திட்டுவாரு."

சித்தப்பா சிரித்துவிட்டார். பிறகு நினைவு வந்து தலையைக் குனிந்துகொண்டார்.

முந்தின நாள் காலை, பூஜ்ஜியத்துக்குக் கீழே ஐம்பத்தொரு டிகிரி. அப்பா ப்ரோகோப்பி, எழுபத்தொரு வயது, அடுப்புக்கு விறகு வைத்துவிட்டுத் தேநீர் கேட்டார். அம்மா கொண்டு வருவதற்குள், உட்கார்ந்தபடியே போய்விட்டார். நகரத்திலிருந்து ஆறு மணி நேரம் காரில் வந்த துயாராவிடம் அம்மா சொன்னது இவ்வளவுதான்.

அடுப்பு மூன்று நாள் அணைந்து கிடந்தால் சுவரோரம் ஓடும் வெந்நீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கும். தரைக்கடியில் இருக்கும் உருளைக்கிழங்கு கல்லாகிவிடும். மே மாதம் வரை அம்மா இங்கே தனியாக இருக்க வேண்டும். சித்தப்பாவுக்கும் இதெல்லாம் தெரியும்.

"ஊர்ல என்ன பேசுவாங்க? புருஷனை மீன் வைக்கிற இடத்துல போட்டுட்டாளாம்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும். கல்யாணத்தன்னிக்கு எங்கம்மா வாசல்ல நின்னு அழுதா. 'அழுறதுன்னா உள்ள வந்து அழுங்க, சூடெல்லாம் வெளிய போவுது'ன்னு சொன்ன மனுஷன் அவரு. அவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாரு."

சித்தப்பா கையுறையைக் கழற்றினார். அண்ணனின் தலைமாட்டை அவரே பிடித்தார்.

அன்று முழுக்க அம்மா உள்ளுக்கும் முன்னறைக்குமாக நடந்தாள். ஒவ்வொரு தடவையும் மேலங்கி மாட்டி, சால்வை சுற்றி, கொஞ்ச நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவாள். நான்காவது தடவை வந்தபோது அவள் கன்னம் குளிரில் விறைத்து வெளுத்திருப்பதைத் துயாரா கண்டாள். தன் உள்ளங்கையைச் சூடாக்கி அம்மாவின் கன்னத்தில் வைத்தாள்.

"என்னம்மா பேசிட்டு இருந்தே?"

"பேசல. சும்மாதான் இருந்தேன். அவரும் சும்மாதான இருக்காரு."

இடுகாட்டில் சித்தப்பாவும் நாலு ஆண்களும் உறைந்த மண்ணை இளக்க இரண்டு நாள் தீ மூட்டினார்கள். இளகின ஒரு சாண் மண்ணைத் தோண்டுவது, மறுபடி தீ மூட்டுவது. மூன்றாம் நாள் மதியம் அப்பாவை அடக்கம் செய்தார்கள்.

ஊரே வந்து சூப்பும் அப்பமும் சாப்பிட்டது. முன்னறையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கிழவர் ஒருவர் மட்டும் கணப்பில் முதுகைக் காட்டி நின்று, "நல்ல வீடு," என்றார்.

எல்லோரும் கிளம்பிய பிறகு அம்மா காலணியைக் கழற்றி வடக்கு மூலையில் நின்றாள்.

"இங்க சில்லுன்னு ஏறுது."

துயாரா வெளியே போய்ப் பார்த்தாள். குளிர் புகாமலிருக்கச் சுவரடியில் இடுப்புயரம் குவித்திருந்த பனியை மூன்று நாள் கூட்டம் மிதித்துச் சரித்திருந்தது. மண்வாரியை எடுத்தாள். முற்றத்தைத் தாண்டிப் போயிருந்த சித்தப்பா திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, நல்ல மேலங்கியோடே வந்து இன்னொரு மண்வாரியை எடுத்துக்கொண்டார்.

குளிர் எங்கே வருகிறதென்று அம்மா உள்ளிருந்து சுவரைத் தட்டிக் காட்டினாள். தட்டிய இடத்தில் இவர்கள் பனியைக் குவித்து அழுத்தினார்கள். தட்டல் மெல்ல நகர்ந்துகொண்டே போய், சுவரின் முனையில் நின்றது.

சித்தப்பா மண்வாரியைச் சாய்த்து வைத்தார். அப்போது, நன்றாக அடைத்து முடித்த இடத்திலிருந்து மறுபடியும் அம்மாவின் தட்டல்.

அங்கே குளிர் நுழைய வழியில்லையென்று தெரிந்தும், துயாரா போய் இன்னொரு மண்வாரி பனியைப் போட்டாள்.