வலப்பக்கத்து நாட்கள்

அரசரின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டு, ஏத்தானீம் மாதம் இருபத்துமூன்றாம் நாள், கோட்டைச் சுவரின் நிழல் நான்காம் படியைத் தொட்ட முற்பகல், கிழக்குக் காற்று, வானில் மேகம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. கமோஷ்தான் உப்புக்கடலின் மேற்குக் கரையிலிருந்த யூதாவின் கோட்டைக்கு இரண்டாம் முறையாக வந்திருந்தான்.

கடலுக்குக் கிழக்கே, மோவாபு மேட்டில் அவன் ஊரின் தொட்டிகள் அனைத்தும் வற்றிவிட்டன. ஊரின் நானூறு ஆடுகளும் கடலோரத்தில் காத்திருந்தன. எவ்வளவு நீர் இருந்தும் குடிக்கவியலாத கடல் அது. மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதுவரை யூதாவின் ஊற்றில் தண்ணீர் காட்ட இசைவு கேட்டு, ஐந்து நாட்களுக்கு முன் ஓட்டுச் சில்லொன்றில் விண்ணப்பம் எழுதித் தந்திருந்தான். ஊரில் எழுத்தறிந்தவன் அவன் ஒருவனே. பிழையின்றி எழுதியதில் அவனுக்கு ஒரு நிறைவும் இருந்தது.

எழுத்தர் சமக்கியா சில்லைத் திருப்பிக் கொடுத்தான்.

"முடியாதுன்னுட்டார் தலைவர். இடத்தக் காலி பண்ணும் ஓய்."

"ஏன்யா? ஆடு சாவுது!"

"ஆசைக்கும் ஒரு அளவு வேணாமா? ராசாவோட பரிமளத் தோட்டத்துக்குப் பாயுற தெக்கு ஊத்துதான் உமக்கு வேணுமாக்கும்! அதுலயும் முப்பது தொட்டி!"

"தெக்குன்னு நான் எழுதவே இல்லியே!"

"இதென்ன, உங்க பூசாரி வந்து எழுதினாரா? முப்பதுக்குக் குறி, பக்கத்துல 'யாமின்'. தெக்குல முப்பது. தொட்டியத் தவிர வேற எதக் கேப்பீரு?"

"ஆமா, முப்பது யாமின். ஒரு மாசம்!"

சமக்கியா சில்லைத் திரும்ப வாங்கி, அந்தச் சொல்லை மறுபடி வாசித்தான்.

நாளைக் குறிக்கும் சொல்லின் பன்மை, கடலுக்கு மேற்கே 'யாமிம்', கிழக்கே 'யாமின்'. நம் மொழியில் அறம் என்பது அறன் ஆவதைப்போல ஒற்றொன்று மாறியது, அவ்வளவே. ஆனால் யூதாவில் 'யாமின்' என்றால் வலப்பக்கம். கிழக்கு நோக்கி நிற்பவனுக்குத் தெற்கும் அதுவே. ஏனைய சொற்களின் வால்களை ஊகித்துத் திருத்தி வாசித்த சமக்கியா, இதை மட்டும் திருத்தவில்லை. இது அவன் மொழியிலும் ஒரு முழுச்சொல்லாக இருந்தது.

"மகரம் போட வேண்டிய இடத்துல னகரம் போட்டா நான் என்னய்யா பண்ணுவேன்?" என்றான்.

"போட வேண்டியதத்தான் போட்டேன். தப்பா பேசுறது நீங்க."

உள்ளறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. கோட்டைத் தலைவர் இக்தலியா வாசலில் வந்து நின்றார். நரைத்த தாடி, கையில் பாதி உரித்த மாதுளை.

"சண்ட எதுக்கு? ஓய் மோவாபு, நீர் எங்க ஆபிராமோட கூடப்பொறந்தவன் மகன் லோத்து வழிதானே?"

"ஆமாங்க தலைவரே. பங்காளிதான்."

"பங்காளின்னாலே வம்புதான். அன்னிக்கும் உங்க ஆளும் எங்க ஆளும் மேய்ச்சலுக்குத்தானே அடிச்சுக்கிட்டாங்க?"

கமோஷ்தான் சொன்னான்: "அடிச்சுக்கிட்டாங்க. ஆனா உங்க தாத்தா ஆபிராம் என்ன சொன்னாரு? 'நீ இடப்பக்கம் போனா நான் வலப்பக்கம் போறேன், முதல்ல நீயே எடுத்துக்க'ன்னாரு. அந்தக் கதைய எங்க ஊர்லயும் சொல்றாங்க."

"உங்க தாத்தா நல்ல பக்கமாப் பாத்து எடுத்துக்கிட்டாருன்னும் சொல்றாங்களா?"

"அத மெதுவாச் சொல்லுவாங்க."

இக்தலியா மாதுளை முத்துகளை வாயிலிட்டு, அவசரமின்றி மென்று முடித்தார். "வலப்பக்கம் ராசாவுக்கு. அதுல நான் கை வைக்க முடியாது. இடப்பக்கத்து ஊத்து, வடக்கால இருக்குறது, சும்மா உப்புக்கடல்ல போய் விழுது. சமக்கியா, எழுது. முப்பது நாள். நானூறு ஆடு."

சமக்கியா நாணல் தாளை விரித்து எழுதினான். கமோஷ்தான் அவன் தோளுக்கு மேலாக ஒவ்வோர் எழுத்தாக வாசித்து வந்தான். முப்பதுக்குப் பின் வந்த சொல்லின் ஈற்றில் மகரம் நின்றது. அவன் கற்ற இலக்கணத்தின்படி அது பிழை. விரல் தாளை நோக்கி நீண்டது.

"என்ன?" என்றான் சமக்கியா.

"ஒண்ணுமில்ல. எழுத்து அழகா இருக்கு."

தாளை மடித்து, நூலால் கட்டி, முடிச்சின்மேல் ஈரக் களிமண்ணை வைத்தார்கள். இக்தலியா மாதுளைச் சாற்றை ஆடையில் துடைத்துவிட்டுத் தம் முத்திரை மோதிரத்தை அதில் அழுத்தினார். பிறகு தாளை எடுத்து, எழுத்தரிடம் கொடுக்காமல், தாமே நீட்டினார். கமோஷ்தான் இரு கைகளாலும் பெற்றுக்கொண்டான்.