சுண்ணாம்புக் கோடு

இப்போது ஹஜ்ஜுக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முன்பெல்லாம் வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். மன்னிப்புக் கேட்கிறவன் வாசலில் வந்து நிற்பான், மற்றவன் முகத்தைப் பார்த்துக் கேட்பான். இன்றைக்குப் போனில் ஒரு தட்டு, இருநூறு பேருக்கு ஒரே செய்தி. அறிந்தோ அறியாமலோ ஏதும் பிழை செய்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று போட்டு, கீழே ஒரு விமானப் படம். அறியாமல் செய்ததை விடுங்கள். அறிந்து செய்தது என்ன என்று சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வராது.

அப்படி ஒரு செய்தி தாஸிம் மாஸ்டரிடமிருந்து எனக்கும் வந்தது. நாற்பத்தொரு வருசம் கழித்து.

அவர் கொழும்பில் கணக்கு வாத்தியார். சனிக்கிழமைகளில் பந்தாட்டத்தில் லைன்ஸ்மன், கொடி தூக்குகிற வேலை. நான் பாலத்தடி யூனியன் கழகத்தின் கோல்கீப்பர். எங்கள் சின்ன நாட்டைப் பந்து உலகத்தில் யாருக்கும் தெரியாது. இருந்தாலும் முதலாம் டிவிஷன் என்று ஒன்று இருந்தது, அதில் நாங்கள் இருந்தோம். துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவன், மீன் வெட்டுகிறவன், தையல்காரன், நாங்கள்தான் நாட்டின் உச்ச லீக். எனக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. ஆனால் என் பெயர் பேப்பரில் வந்தது.

அந்த வருசம் கடைசி ஆட்டத்தில் வெற்றி தோல்வி இல்லாமல் ஒரு டிரோ போதும், மேலேயே இருந்திருப்போம். முடிய இரண்டு நிமிசம் இருக்கையில் ஒருத்தன் தலையால் அடித்தான். பந்து இடது தூணடியில் தரையோடு வந்தது. விழுந்து முழங்கைக்குள் அடக்கினேன். கோட்டுக்கு முன்னால்தான் அடக்கினேன். நடுவர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் கொடியைத் தூக்கிக்கொண்டு நடுக்கோட்டுப் பக்கம் ஓடினார். கோல்.

நாங்கள் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கினோம். திரும்ப ஏறவே இல்லை. அடுத்த நாளே தெருவில் பேச்சு, கோல்கீப்பர் மஹ்மூத் ஆட்டத்தை விற்றுவிட்டான் என்று. எங்கள் கேப்டன் என் கூடப்பிறந்த அண்ணன், நிஸ்தார் நானா. அவரும் நம்பினார். "எவ்வளவு வாங்கினாய்?" என்று கேட்டதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. அதற்குப் பிறகு பதினொரு வருசம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தோம். அவர் மௌத்தாகி அடக்கத்துக்குக் கொண்டுபோனபோது சந்தாக்கைத் தோளில் தூக்கினேன். அவருக்கு அது தெரியாது.

அவர் மனைவி மைமூனா மதினி இப்போது இங்கே மெல்பேர்னில், ட்ருகனினாவில், மகள் ஹனீனோடு, என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். என்னோடு நன்றாகத்தான் பேசுவார். அரிசி விலை, காற்று, முழங்கால் வலி எல்லாம் பேசுவார். அந்த ஆட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. நம்புகிறாரா இல்லையா என்று நான் கேட்டதும் இல்லை.

மாஸ்டர் வேறு மாநிலத்தில், பிளாக்டவுனில் மகனோடு இருக்கிறாராம். பயணம் சொல்ல மெல்பேர்ன் வந்தார். ட்ருகனினாவில் மாஸ்டரின் மகள் வீட்டில் ஞாயிறு பகல் சாப்பாடு, கொழும்புக்காரர் எல்லாருக்கும் அழைப்பு. போகக் கூடாது என்றிருந்தேன். பிறகு, போகிறதென்றால் மதினியையும் கூட்டிக்கொண்டே போவது என்று முடிவெடுத்தேன். மாஸ்டர் வாயால் வருவது அவர் காதில் விழவேண்டும். அதற்காகத்தான் போனேன், சோற்றுக்கு இல்லை.

கராஜில் பாய் விரித்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற சஹன் தட்டுகளை வைத்திருந்தார்கள். கராஜிலிருந்து சமையல் நடக்கிற குசினிக்கு ஒரு கதவு. பெண்கள் அங்கே. அந்தக் கதவோரத்தில் ஒரு கதிரையை இழுத்து மதினியை உட்காரவைத்துவிட்டு நான் ஆண்கள் வரிசையில் நின்றேன். மாஸ்டர் வெள்ளை உடுப்பில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருத்தரும் குனிந்து கட்டிப்பிடித்து, மன்னித்துவிட்டோம், எங்களுக்கும் துஆ செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பார்த்துப் போனார்கள். அவர் மருமகன் இன்ஷாப் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டு நின்றான். "மெதுவா, மெதுவா, ஒருத்தரும் ஒஃப்சைட் போகாதீங்க" என்றான். சிரித்தார்கள்.

என் முறை வந்தது. நான் குனியவில்லை.

"எதுக்கு மாஸ்டர்?"

"என்ன எதுக்கு?"

"எதுக்கு மன்னிக்கணும்? பேர் சொல்லிக் கேளுங்க."

சோறு ஆறுது அங்கிள் என்றான் இன்ஷாப். மாஸ்டர் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார்.

"பாலத்தடி மஹ்மூத். போன்ல அனுப்பினது உங்களுக்குத்தான். தனியா அனுப்பப் பயந்து எல்லாருக்கும் சேத்து அனுப்பினன்."

நான் நம்பவில்லை. அவர் தொடர்ந்தார். அன்றைக்குப் பகல் வரைக்கும் மழை பெய்ததாம். கோல் வாயில் கோடே இல்லையாம். சுண்ணாம்பு சேற்றோடு கரைந்து போயிருந்ததாம். தூணிலிருந்து தூணுக்கு மனதால் ஒரு கோடு இழுத்தாராம். பந்து அதைத் தாண்டியதாம்.

"அது பிழையோ சரியோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்," என்றார். "பிறகு நீங்க வித்தீங்கண்டு கதை வந்திச்சி. அந்தக் கதை ஓடினா என்னை ஒருத்தரும் கேக்கமாட்டாங்கண்டு வாய மூடிக்கிட்டு இருந்தன். நீங்க விக்கல்ல. அப்பவே எனக்குத் தெரியும். வித்தவன் அப்படி விழமாட்டான்."

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. மதினி எழுந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார்.

"அவர் உசிரோட இருக்கக்குள்ள இத ஒருக்கா வந்து சொல்லியிருக்கலாமே, மாஸ்டர்."

கராஜில் இருந்தவர்கள் கையில் சோற்றோடு அப்படியே இருந்தார்கள்.

நான் கேட்க வந்தது எனக்குக் கிடைத்துவிட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். விட முடியவில்லை.

"கோடு இருந்திச்சி மாஸ்டர்," என்றேன். சட்டைக் கையை மேலே இழுத்து இடது முழங்கையைக் காட்டினேன். "ஈரச் சுண்ணாம்பு பட்டு அண்டு ராவெல்லாம் எரிஞ்சிச்சி. தோல் உரிஞ்சிச்சி. கோடு இல்லாட்டி எப்படி எரியும்?"

"கரைஞ்ச சுண்ணாம்பும் எரியும்," என்றார் அவர். கணக்கு வாத்தியார் அல்லவா.

இன்ஷாப் என் காதோடு பேசினான். மாமாவுக்குச் செவ்வாய்க்கிழமை பிளைட், மனுசனுக்குச் செய்த பிழையை அந்த மனுசன் மன்னிக்காமல் அல்லாஹ்வும் மன்னிக்கமாட்டான், பிளீஸ் அங்கிள் என்றான். எனக்குத் தெரியாததா? தெரிந்துதான் நாற்பத்தொரு வருசம் வைத்திருந்தேன்.

"வாய மூடிக்கிட்டு இருந்ததுக்கு மன்னிச்சிட்டன்," என்றேன். "கோட்டுக்கு இல்ல."

"இல்லாத கோட்டுக்கு நான் எப்படி மன்னிப்புக் கேக்கிறது, மஹ்மூத்?"

அவர் கண் நிறைந்திருந்தது. அதை நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. கொடி தூக்கிக்கொண்டு ஓடும்போதும் அவர் முகம் நேர்மையாகத்தான் இருந்தது. சோற்றில் கை வைக்காமல் வெளியே இறங்கினேன்.

"நில்லுங்க தம்பி, நானும் வாறன்" என்று மதினி பின்னால் வந்தார்.

புது வீடுகள் முடிந்து சரக்குக் கிடங்குகள் தொடங்குகிற தெரு. காற்று முகத்தில் அறைந்தது. சேர்ந்து நடந்தோம். பிறகு மதினி, நானாவின் பெயரைச் சொல்லாமல், அந்த மனுசன் பாவம், வீணாக மனதில் வைத்துக்கொண்டே போய்விட்டது என்றார். நாற்பத்தொரு வருசத்தில் முதல் தடவை. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

இன்னும் கொஞ்சம் நடந்ததும் கேட்டார்.

"கோடு உண்மையாவே இருந்திச்சா?"

"இருந்திச்சி மதினி."

"அண்டைக்கு நல்ல மழைதான், தம்பி. நான் கொடியில போட்ட உடுப்பெல்லாம் நனைஞ்சி போச்சி."

மழை பெய்தது எனக்கும் நினைவிருக்கிறது. சுண்ணாம்பைக் கெட்டியாகப் போட்டிருந்தால் மழைக்கு அழியாது. முழங்கையைத் தேய்த்துக்கொண்டு காற்றுக்கு எதிரே நடந்தேன்.